எழுத்துப் பெட்டிக்கு முன்பணம்

அந்தப் பெயர்ப்பலகையில் ஒரு புள்ளி குறைந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டில் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. மேலே என் கணவர் பெயர், கீழே வீட்டுக்கு நாங்கள் ஆசையாக வைத்த பெயர், நான்கு ஓரமும் மயிரிழைபோல ஒரு கோடு. பம்பாயில், செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் அப்போதுதான் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தோம். இரண்டாவது மாடி, ஒன்றரை அறை. கதவில் தமிழில் பெயர் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கணவர் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன், ‘அன்பு இல்லம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்பு இலலம்’ என்று இருந்தது. “யாரு கவனிக்கப் போறாங்க? இந்த மாடியில தமிழ் படிக்கறது நாம ரெண்டு பேர்தான்,” என்றார் அவர். எனக்கு மனம் கேட்கவில்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போனேன்.

வடாலாவில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் செக்‌ஷனில் நான் கிளார்க். எண்பதுகளின் நடுப்பகுதி அது. இயந்திரங்களில் ஒட்டும் எண் தகடு, அதிகாரிகளின் மேஜையில் வைக்கும் பெயர்ப்பலகை, காவலாளிகள் சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டை எல்லாவற்றையும் தாராவியிலிருந்து ஒருவர் செய்து கொண்டுவருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். விரல் நகங்களுக்குள் எப்போதும் வெள்ளைத் தூள் அடைத்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். அவர் பெயர் எனக்குத் தெரியும் என்றாலும் எங்கள் ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய் என்றால் அவர்தான். மராத்திக்காரர்களிடம் இந்தி பேசுவார். என்னைப் பார்த்ததும் ஊர்த் தமிழுக்கு மாறிவிடுவார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராகவே இருப்பார், ஆனாலும் நான் அவருக்கு அக்கா.

பலகையை அவர் முன்னால் வைத்து, “பாய், புள்ளி எங்கே?” என்றேன். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த இடத்தில் புள்ளி வேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “நீங்க எழுதிக் குடுத்த சீட்டுல இருந்தத அப்படியே வெட்டுனேன் அக்கா. சீட்டுல புள்ளி இருந்துச்சா?” என்று கேட்டார். என் கையெழுத்தில் புள்ளி மங்கலாகத்தான் விழும். சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் புதுப் பலகை வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். போகும்போது கதவருகே நின்று, “அந்தப் புள்ளிய வச்சா என்னக்கா ஆவுது?” என்றார். ‘ல’வுக்கும் ‘ல்’லுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு நிமிடத்தில் சொன்னேன். தொழில்காரர், தன் வேலையைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்குள் வேறு ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு துணிப் பையை என் மேஜையில் கவிழ்த்தார். கேரம் காயைவிடக் கொஞ்சம் பெரிய சதுரச் சில்லுகள். பாதி வெள்ளை, பாதி கண்ணாடிபோலத் தெளிவானவை. வெள்ளைச் சில்லின் நடுவில் க, ச, த, ப, ம என்று ஓர் எழுத்து செதுக்கிக் கறுப்பு மை நிரப்பியிருந்தது. கண்ணாடிச் சில்லில் ஓரமாக ஒரு துணைக்கால், அல்லது ஒரு கொம்பு, அல்லது மேலே ஒரு புள்ளி மட்டும். ‘ம’வின் மேல் துணைக்கால் சில்லை வைத்தார், ‘மா’ ஆயிற்று. அதை எடுத்துவிட்டுக் கொம்பை வைத்தார், ‘மே’ ஆயிற்று. புள்ளியை வைத்தார், ‘ம்’. வாயில் இருந்த சோற்றை மெல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்குப் பத்து வெள்ளை, பத்துக் கண்ணாடி எடுத்துச் சொல் சேர்க்க வேண்டும், நீளச் சொல்லுக்கு அதிகப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம்.

“பிள்ளைகள வச்சு ஆடிப் பாருங்க அக்கா. இது சாம்பிள்தான், நாப்பது சில்லு. பிடிச்சா பெட்டியாப் போடுதேன்,” என்றார்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஆங்கிலப் பள்ளி. விளையாட்டெல்லாம் இந்தியில். தமிழ்ப் பாடப் புத்தகத்தோடு அவளை உட்கார வைக்க நான் பட்ட பாடு அந்தக் கட்டிடத்துக்கே தெரியும். அன்று மாலை சில்லுகளைத் தரையில் கொட்டியதும் அவளே வந்து குந்திக்கொண்டாள். அரை மணி நேரத்தில் நிலா, கிளி, மீன், தேன், மாமா என்று வரிசையாக வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழ் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான். எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் மிகையில்லை. திங்கட்கிழமை பாயிடம், “பெட்டி போடுங்க. நான் ஆள் பிடிச்சுத் தரேன்,” என்றேன்.

பெட்டி போட அவரிடம் முதல் இல்லை. தகடு வாங்க வேண்டும், அச்சு வெட்ட வேண்டும், அட்டைப் பெட்டி சொல்ல வேண்டும். முன்பணம் கிடைத்தால் தீபாவளிக்குத் தந்துவிடலாம் என்றார். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவோம். அங்கே அவரை அழைத்துப் போனேன். சில்லுகளைப் பரப்பிக் காட்டியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சங்கச் செயலாளர் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் எட்டி நின்றார். “இன்னும் செய்யாத சாமானுக்குப் பணமா? யார் பொறுப்பு?” என்று கேட்டார். “நான் பொறுப்பு சார்,” என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய வார்த்தையாகவே தெரியவில்லை. முப்பத்திரண்டு வீடுகள் பெயர் கொடுத்தன. வீட்டுக்குப் பதினைந்து ரூபாய். செயலாளரும் கடைசியில் கொடுத்தார், பேரனுக்காக என்று சொல்லி. ரசீதுக்குப் பதிலாகப் பாய் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைச் சில்லைத் தந்தார். “இது உங்க பெட்டிச் சில்லு. பெட்டி வாங்கும்போது கொண்டாந்து போடுங்க, இல்லைன்னா ஒரு எழுத்து குறைஞ்சு போயிரும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தீபாவளி வந்தது, பெட்டி வரவில்லை. “அடுத்த மாசம் பக்கா அக்கா,” என்றார். பொங்கலும் போயிற்று. முதலில் ஆபீசுக்கு வரும்போது அவராகவே விஷயத்தைச் சொல்வார். பிறகு நான் கேட்டால் சொன்னார். அதற்குப் பிறகு தகடுகளைத் தன் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார். காலையில் ஹார்பர் லைன் வண்டிக்கு நிற்கும்போது பிளாட்பாரத்தில் யாராவது ஒருவர் கேட்பார். காய்கறிக்காரரிடம் நிற்கும்போது இன்னொருவர். “பாய் துபாய்க்குப் போயிட்டாராமே?” என்று ஒரு பெண்மணி என்னிடமே செய்தியாகச் சொன்னார். “தாராவியில இருக்கறவங்ககிட்ட எதுக்குமா கொண்டுபோய்க் கொடுத்தே?” என்றார் இன்னொருவர். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு தகட்டில்கூட எண்ணிக்கை குறைத்துத் தராத மனிதரைப் பற்றி, நாலு மாதத் தாமதத்தில் அப்படி நினைத்தேன். “பாவம்னு பார்க்காதே, நேர்ல போய்க் கேளு. போறது உன் பேரு,” என்றார் கணவர்.

ஒரு ஞாயிறு பிற்பகல் செம்பூரிலிருந்து பஸ் ஏறிச் சயானில் இறங்கி, தாராவிக்குள் விசாரித்து விசாரித்துப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் கோத்துக்கொண்டே இருந்தேன். தோல் பதனிடும் வாடையும் வறுத்த கடலை வாசனையும் கலந்த ஒரு சந்து. பூட்டியிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். கடை திறந்திருந்தது. இரண்டு ஆள் நின்றால் நிறையும் இடம். பாய் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை முன்னால் வைத்துச் சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க அக்கா,” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. “பாய், முப்பத்திரண்டு வீட்டுல என் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கறாங்க. பணத்தை என்ன பண்ணீங்க?”

அவர் மூலையைக் காட்டினார். மூன்று கோணிப்பை நிறையச் சில்லுகள். பக்கத்தில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், முப்பத்திரண்டும். “துட்டெல்லாம் இங்கதான் இருக்கு அக்கா. எல்லாம் மாலா, சரக்கா இருக்கு.”

“அப்புறம் ஏன் கொடுக்கலை?”

குனிந்து ஒரு ‘ம’ சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் மேல் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்தார். அதில் கீழே இறங்கும் ஒரு கோடு இருந்தது. “இது என்ன எழுத்து அக்கா?”

பார்த்தேன். ‘ம’வுக்கு வால் முளைத்ததுபோல இருந்தது. “இது எழுத்தே இல்லையே பாய்.”

“அதான்,” என்றார். “உங்க வீட்டுப் பலகையில ‘அன்பு’ன்னு இருந்துச்சுல்லா. ‘ப’வுக்குக் கீழ ஒரு கோடு. ஆவன்னாவுக்கு ஒரு கால் மாதிரி, ஏயன்னாவுக்கு ஒரு கொம்பு மாதிரி, உனாவுக்கு இந்தக் கோடுதான்னு நெனச்சுட்டேன். எல்லாப் பெட்டிக்கும் வெட்டிப்போட்டேன். அப்புறம் சும்மா ஒரு கல்யாணப் பத்திரிகைய வச்சு அடுக்கிப் பாத்தேன். ‘முகூர்த்தம்’னு இருக்கு. முதல் எழுத்துலயே மாட்டிக்கிட்டேன். ‘மு’ ஒரு மாதிரி வளையுது, ‘கூ’ வேற மாதிரி சுத்துது. ‘து’வுக்குக் கால் வேற. ‘டு’ வேற. ஒண்ணுபோல ஒண்ணு இல்ல.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கத் தமிழ் படித்தவள் நான். உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு மாதிரி திரும்புகிறது என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்து சுருக்கென்று தைத்தது. அந்த முதல் மாலை என் மகள், “அம்மா, வீடு எப்படி வைக்கறது?” என்று கேட்டாள். “அதெல்லாம் பெரிய பெட்டியில வரும்,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். குற்றம் அன்றே என் கண்முன்னால் தரையில் கிடந்தது. கிடந்ததைப் பார்க்காமல் ஊரெல்லாம் நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

“என்னைக் கேட்டிருக்கலாமே?”

நகத்துக்குள் இருந்த தூளை நோண்டிக்கொண்டே நின்றார். “கேட்டா எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்லா அக்கா.”

ஐந்து வயதில் தகப்பனாரோடு பம்பாய்க்கு வந்தவர். ஏழாவது வரை இந்திப் பள்ளிக்கூடம். பிறகு தகப்பனார் இறந்து கடை அவர் தலையில் விழுந்தது. பேச்சு வீட்டில் வந்தது. எழுத்து எங்கிருந்தும் வரவில்லை. தமிழில் யாராவது பலகை கேட்டால், எழுதிக் கொடுத்த சீட்டின் வடிவத்தைப் படம்போலப் பார்த்து வெட்டுவார். பலகையில் இருப்பது இன்ன பெயர் என்று தெரியும் என்பதால், எந்த வடிவத்துக்கு என்ன ஓசை என்று தானாகவே கொஞ்சம் ஊகித்து வைத்திருந்தார். புள்ளி, கால், கொம்பு என்று அந்த வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் அவருக்கு இந்த விளையாட்டே தோன்றியிருக்கிறது. எங்களைப் போல எழுத்தை முழுதாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

எனக்கு ஒரு கோழைத்தனம் வந்தது. “அந்தக் கோட்டுச் சில்லை மட்டும் எடுத்துட்டு மத்ததைப் பெட்டியில போட்டுக் கொடுத்துடலாமே. பிள்ளைங்க விளையாடறதுதானே,” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “வீடுன்னு எழுத முடியாது அக்கா. சோறுன்னு எழுத முடியாது. துட்டுன்னு எழுத முடியாது. அத வாங்கி என்ன செய்வாங்க?” என்றார். நான் கோத்துக்கொண்டு போன வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அடுத்த முதல் ஞாயிறு சங்கத்துக்கு வந்து நடந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். வருவார் என்று எனக்கு நிச்சயமில்லை.

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அதே துணிப் பை. முப்பது நாற்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். சொன்னார். அழகாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு முறை இந்திக்குப் போய்த் திரும்பி வந்தார். அறையில் முணுமுணுப்பு எழுந்தது. செயலாளர் எழுந்தார்.

“தமிழே படிக்கத் தெரியாமலா தமிழ் விளையாட்டுக்குப் பணம் வாங்கினீங்க?”

“ஆமா சார்.”

“கொஞ்சம்கூடத் தெரியாதா?”

“இப்பக் கொஞ்சம் தெரியும் சார். அந்தக் கல்யாணப் பத்திரிகையில படிச்சதுதான்.”

செயலாளர் மேஜையில் இருந்த சங்க அறிவிப்புத் தாளை எடுத்து நீட்டினார். “எங்கே, படிங்க பார்க்கலாம்.” இது வேண்டாம் சார் என்று எழுந்தேன். பாய் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலைப்பில் தொடங்கினார்.

“பொ… து… க்… கு…” நின்றார். உதட்டை நனைத்துக்கொண்டார். “ழு… க்…” அடுத்தது முகூர்த்தத்தில் பார்த்த அதே எழுத்துதான், ஆனாலும் அதில் முழுதாக நின்றுவிட்டார். முன்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். “கூ,” என்றாள். “கூ… ட்… ட… ம்,” என்று முடித்தார். அவர் தாளைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். “பாத்தீங்களா சார்? பொதுக்குழுக் கூட்டம். து, கு, ழு, கூ. இதுக்குள்ளயே நாலு இருக்கு. நாலும் நாலு மாதிரி. இதத்தான் நான் ஒரே கோட்டுல முடிச்சிரலாம்னு நெனச்சேன்.”

யாரோ சிரித்தார்கள். அது ஏளனச் சிரிப்பு இல்லை. ஒருவர் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். “அட, ஆமா,” என்றார். அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் பின்வரிசை வரை போயிற்று. தாங்கள் வருடக்கணக்காக அச்சடித்து ஒட்டிய வார்த்தையை அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள்.

“பணம் வேணும்ங்கறவங்களுக்கு இப்பவே தாரேன். வேண்டாம்னா, மூணு மாசம் குடுங்க. உகரத்துக்கெல்லாம் தனித்தனி வெள்ளைச் சில்லாச் செஞ்சு போடுதேன். மேல ஒரு பைசா வேண்டாம்,” என்றார். ஒன்பது வீடுகள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டன. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் பதினைந்து ரூபாய்க்கு அப்போது மதிப்பு இருந்தது. ஒன்பது வெள்ளைச் சில்லுகள் அவர் பைக்குள் திரும்பிப் போயின. முதல் ஆளாகப் போய் வாங்கியவர் செயலாளர். அந்தப் பணத்துக்காகவும் புதுத் தகடுகளுக்காகவும் கடையில் இருந்த இரண்டு வெட்டும் இயந்திரங்களில் ஒன்றைப் பாய் முன்னமே விற்றுவிட்டார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எந்த எழுத்தில் எத்தனை சில்லு வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து எண்ணினோம். பழைய வாரப் பத்திரிகைகளைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம். பெரியவர்கள் ‘டு’வையும் ‘து’வையும் எண்ண, பிள்ளைகள் ‘கு’வையும் ‘ரு’வையும் எண்ணினார்கள். ‘ஞூ’வைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு மிட்டாய் என்று அறிவித்தோம். அந்த மிட்டாயை யாரும் வாங்கவே இல்லை. பணத்தைத் திருப்பி வாங்கிய செயலாளர் இரண்டாவது ஞாயிறே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. எண்ணுவதில் தப்பு விடக்கூடாது, அது என் தொழில் என்றார். எண்ணிக்கொண்டே பாயிடம் சண்டையும் போட்டார். பத்திரிகைகள் அப்போது ‘லை’யைப் புது மாதிரி அச்சிடத் தொடங்கியிருந்தன. பழையபடி தும்பிக்கை வைத்த ‘லை’தான் வேண்டும் என்பது அவர் கட்சி. “தும்பிக்கைய வெட்ட என் மெஷினுக்குத் தெம்பில்ல சார்,” என்பார் பாய். அவர் சுவரோரம் உட்கார்ந்து, எண்ணியதை எல்லாம் தன் நோட்டில் தானே எழுதிக்கொள்வார். முதலில் எண்களை மட்டும் எழுதினார். சில வாரத்தில் எண்களுக்கு முன்னால் எழுத்துகளும் வந்தன.

மூன்று மாதம் என்றது ஐந்து மாதம் ஆயிற்று. அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். நானே ஒரு முறை அலுத்துப் பேசிவிட்டேன். ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில், கொட்டுகிற மழையில், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய இரண்டு பெரிய மூட்டைகளோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். இருபத்து மூன்று பெட்டிகள். பழைய அளவுக்குச் செய்த பெட்டிக்குள் புதுச் சில்லுகளும் சேர்ந்ததால் மூடி மூடவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் வளையமாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு குடும்பமாகத் தங்கள் ஒற்றைச் சில்லைக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டு வாங்கிப் போயின. இரண்டு பெட்டியில் ‘வ’ ஒன்று குறைந்தது, அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் என் மகள் முதலில் வைத்த சொல் ‘வீடு’. அடுத்தது ‘கூட்டம்’.

கதை அதோடு பெரிய வெற்றியாக முடிந்துவிடவில்லை. மாதுங்காவில் இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தார். அழகாக மூடாத பெட்டியை யார் விற்பார்கள்? பணம் திருப்பி வாங்கியவர்களில் இரண்டு பேர் பிறகு வந்து ஒரு பெட்டி கிடைக்குமா என்று கேட்டார்கள், இல்லை. அந்த இருபத்து மூன்றுதான் மொத்தம். அவர் மறுபடி எண் தகடும் பெயர்ப்பலகையும் வெட்டப் போனார்.

இப்போது என் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர். நாற்பத்தைந்து வயதில் என்ன விளையாட்டு என்று நான் கேட்பதில்லை. எங்கோ ஒரு சிற்றூரில் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் விளையாட்டு ஒன்றுக்கு, அவரும் இணையத்தில் அவர் சிநேகிதர்கள் சில நூறு பேரும் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். சொன்ன தேதி போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, “ஏமாத்திட்டாங்க அத்தை. இனிமே தெரியாதவங்களுக்குக் காசு கட்டறதா இல்லை,” என்று பொரிந்தார். “எதுல மாட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னு கேட்டீங்களா?” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை என்றார். ஏமாற்றுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாதது இல்லை. கேட்டால் இரண்டில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நான் அன்று தாராவிக்குப் பஸ் ஏறியிருக்காவிட்டால், பாயை இன்றுவரை துபாய்க்கு ஓடிப்போனவராகவே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் மழை விட்டபிறகு ஒரு நாள் பாய் ஆபீசுக்குத் தகடு கொண்டுவந்தார். கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து, ஒட்டாமல் மடித்திருந்ததைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அவர் தாயார் ஊரில் இருப்பதாக அன்றுதான் எனக்குத் தெரியும். மாதம் ஒரு கடிதம் எழுதுவாராம். பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் படித்துச் சொல்வார், பதிலும் அவரே எழுதுவார். இருபது வருடமாக இப்படித்தான்.

“இப்ப வந்தத நானே படிச்சேன் அக்கா,” என்றார். “கடைசியில ஒரு வரி இருந்துச்சு. ‘ஒரு தடவையாவது உன் கையால எழுது’ன்னு. சரி, இப்பத்தான் கேக்காங்கன்னு நெனச்சு, பொறவு டப்பாவுல கெடந்த பழச எல்லாம் எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் அந்த வரி இருக்கு. டெய்லர் ஒரு நாளும் அத மட்டும் படிக்கல. ஏன்னு கேட்டேன். நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன்னாரு.”

அவர் எழுதிய பதிலைப் படித்தேன். தகட்டில் செதுக்குவதுபோல அழுத்தி எழுதியிருந்தார், பின்பக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்பட்டது. “உம்மாவுக்கு. நான் நல்லா இருக்கேன். இது நான் எளுதுரது. வேர யாரும் இல்ல. புள்ளைங்க நல்லா இருக்கு. நோம்புக்கு வருவேன்.” அதற்குக் கீழே தன் பெயர். உகரங்கள் அத்தனையும் சரியாக இருந்தன.

“தப்பு இருக்காக்கா?”

பழக்க தோஷத்தில் பேனா என் கைக்கு வந்திருந்தது. மூடி கீழே வைத்தேன்.

“இருக்கு பாய். ரெண்டு மூணு இடத்துல. அப்படியே போடுங்க.”

“திருத்த வேண்டாமா?”

“திருத்தினா, இதையும் வேற யாரோ எழுதினதா நினைச்சுடுவாங்க.”

கடிதத்தை மடித்து, ஓரத்தை நாக்கால் தடவி, என் மேஜை மேலேயே வைத்து ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார்.